பழம் தின்று கொட்டை போட்ட டிபிஏக்களுக்கு எந்தப் பயிற்சி?

மொரீஷியஸில், எபேன் சைபர் சிட்டி அலுவலகங்களில் ஆரக்கிள் டேட்டாபேஸின் 19சி பதிப்பை வருடக்கணக்காகக் கட்டி மேய்க்கும் டிபிஏக்களை, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகிகளை, புதிய பதிப்பான 23ஏஐக்கு எப்படித் தயார் செய்வது? (2025இல் அதன் பெயரை 26ஏஐ என்று மாற்றிவிட்டார்கள், அது தனிக் கூத்து.) ஆசிரியர் நடத்தும் வகுப்பு, வீடியோ சந்தா, சொந்த லேப் (நாமே அமைத்துக்கொள்ளும் சோதனைக் களம்) என்று மூன்று வழி இருக்கிறது.

வகுப்பின் பெரிய லாபம், ஆள் வேலையிலிருந்து விடுபடுவதுதான். அங்கீகாரம் பெற்ற பயிற்சி என்றால் கட்டணத்தில் ஒரு பகுதியை இங்குள்ள மனிதவள மேம்பாட்டு கவுன்சிலான எச்ஆர்டிசியிடம் திரும்பப் பெறலாம். நேரலை வகுப்பை எடுப்பவர் சென்னையில் இருந்தால் அங்கே ஒன்பதரை, இங்கே காலை எட்டு, சமாளிக்கலாம். ஆனால் தைப்பூசக் காவடி இங்கே பொது விடுமுறை என்பது அவர் அட்டவணைக்குத் தெரியாது. பாடத்திட்டத்தைப் பார்க்காமல் பணம் கட்டினால், பத்து வருடம் பேக்கப் எடுத்தவருக்கு டேபிள்ஸ்பேஸ் என்றால் என்ன என்று அரிச்சுவடி சொல்லித் தருவார்கள். கொட்டாவிதான் மிஞ்சும்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூலியன் டேட்டா டைப், ஃப்ரம் இல்லாத செலக்ட், வெக்டர் தேடல் போன்றவற்றுக்கு அது போதும். அவை பெரும்பாலும் டெவலப்பர்களின் சமாச்சாரம்.

டிபிஏவின் தூக்கத்தைக் கெடுப்பவை வேறு. கன்டெய்னர் (பல டேட்டாபேஸ்களைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் ஒன்று) இல்லாத பழைய அமைப்புக்கு 21சி-யிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். டிபியுஏ என்ற பழைய அப்கிரேடு கருவி போய்விட்டது, இனி ஆட்டோஅப்கிரேடு என்ற கருவிதான். பழைய பாணி ஆடிட்டிங்கில் (யார் என்ன செய்தார் என்று பதிந்து வைப்பது) ஏற்கெனவே வைத்திருப்பது ஓடும், புதிதாக எதுவும் சேர்க்க முடியாது. வங்கியில் இருப்பவர்கள் இதை ஆடிட்டர் கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. பாஸ்வேர்டு விஷயம் இன்னும் பொல்லாதது: 10ஜி வெரிஃபையர் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கச் சேமித்து வைக்கும் பழைய வடிவம்) மட்டுமே உள்ள கணக்குகளுக்கு முன்கூட்டியே பாஸ்வேர்டு மாற்றாவிட்டால், அப்கிரேடுக்குப் பிறகு லாகின் ஆகாது. எந்த மூலையில் எந்தப் பழைய பேட்ச் ஜாப் அப்படிப்பட்ட கணக்கில் ஓடுகிறது என்று எந்த ஆசிரியருக்குத் தெரியும்?

அதனால்தான் என் ஓட்டு லேபுக்கு. ஆட்டோஅப்கிரேடை அனலைஸ் முறையில் ஓட்டினால், 19சி-யில் எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் பட்டியலிட்டுத் தரும். அந்த அறிக்கையே உங்கள் பாடத்திட்டம். புது சின்டாக்ஸைத் தொட்டுப் பார்க்க இலவசப் பதிப்பு இருக்கிறது: 2 ஜிபி மெமரி, 12 ஜிபி டேட்டா வரை. அப்கிரேடு ஒத்திகைக்கு அது பத்தாது. முழு டேட்டாபேஸின் நகலும் தனி சர்வரும் வேண்டும்.

லேபின் பலவீனம் ஒன்றுதான். சொந்த இருக்கையில் உட்கார்ந்து படிப்பவரை யாரும் படிக்க விடமாட்டார்கள். மாத முடிவு வந்தால் லேப் அம்போ. ஆள் பலம் உள்ள குழு என்றால் முதலில் லேப், அப்புறம் அந்த அறிக்கையைக் கையில் கொடுத்து ஓர் ஆசிரியரை இரண்டு நாளுக்கு மட்டும் கூப்பிடுங்கள். இரண்டே டிபிஏக்கள் உள்ள இடத்தில் கணக்கு மாறும்: ஒருவரை முழு வகுப்புக்கு அனுப்புங்கள், போனை மற்றவர் எடுக்கட்டும்.