மக்ஷேன் வேத வாசிப்பு அட்டவணை: ஒரு வருடம் பிடித்துப் பார்த்த பிறகு

முழு வேதாகமத்தையும் ஒரு வருடத்தில் வாசித்து முடிக்கிற இந்த அட்டவணைக்கு விலை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மருதனார்மடத்தில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் கொடுத்து அச்சடித்தேன், கூடவே ஒரு சி.ஆர். கொப்பியும் இரண்டு பென்சிலும் வாங்கினேன், எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாவைத் தாண்டவில்லை. 2024 ஜனவரி 1ஆம் திகதி, நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்து மூன்று மணித்தியாலம் படுத்து எழும்பிய கையோடு தொடங்கினேன், டிசம்பர் 31 இரவு முடித்தேன். இடையில் இரண்டு தடவை அறுந்து போனது, அதையும் சொல்கிறேன். எங்கள் சபையில் ஒவ்வொரு புதுவருடமும் "இந்த வருஷம் முழு பைபிளையும் வாசிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு யாத்திராகமத்தோடு நின்றுபோகிறவர்கள் நிறையப் பேர், ஆறு வருடமாக நானும் அதில் ஒருவன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ரொபேர்ட் மறி மக்ஷேன் என்பவர் 1842இல் தன் சபை மக்களுக்காகப் போட்ட அட்டவணை இது. அடுத்த மார்ச் மாதம் 29 வயதில் அவர் இறந்துபோனார், அட்டவணை இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு நாளைக்கு நாலு வாசிப்பு. இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வாசிக்க, இரண்டு தனியே அறையில் இருந்து வாசிக்க. பெரும்பாலும் ஒன்றுக்கு ஒரு அதிகாரம், சின்ன அதிகாரங்கள் வந்தால் இரண்டு மூன்றைச் சேர்த்து விடுவார், 119ஆம் சங்கீதம் போல 176 வசனம் வந்தால் பல நாட்களுக்குப் பிரித்துத் தருவார். வருட முடிவில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு தடவையும் முடிந்திருக்கும். எனக்கு நாலையும் வாசிக்க ஏறத்தாழ அரை மணித்தியாலம் பிடித்தது, வாய்விட்டு வாசித்தால் இன்னும் கொஞ்சம் கூட.

நான் முன்பு விழுந்தது எல்லாம் ஒரே நேர்கோட்டில் வாசிக்கப் போனதால்தான் என்று இதைப் பிடித்த பிறகுதான் விளங்கியது. ஆதியாகமத்தில் தொடங்கினால் கதை கதையாகப் போகும், யாத்திராகமத்தின் பாதியில் கூடாரத்தின் பலகையும் கொளுவியும் வரும், லேவியராகமத்தில் பலி விதிகள் வரும், அங்கே களைத்துவிடுவோம். மக்ஷேனின் அட்டவணையில் லேவியராகமம் மார்ச் கடைசியில் தொடங்குகிறது, ஆனால் ஏப்ரல் பிறந்ததும் பக்கத்திலேயே சங்கீதம் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் கொழுப்பையும் குண்டிக்காயையும் எப்படித் தகனிப்பது என்று வாசித்துவிட்டு, அடுத்த நிமிடம் தாவீது அழுகிறதையும் பாடுகிறதையும் வாசிக்கிறோம். பலி என்பது அந்த மனிதர்களுக்கு வெறும் சட்டமாக இருக்கவில்லை, இப்படி அழுகிற ஆட்கள்தான் அந்த ஆட்டுக்குட்டியைக் கையில் கொண்டுபோனார்கள் என்று எனக்கு முதன்முறையாகத் தோன்றியது அங்கேதான்.

ஜனவரி 1ஆம் திகதியின் நாலு வாசிப்பும் ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் ஆகியவற்றின் முதல் அதிகாரங்கள். நாலும் நாலு தொடக்கங்கள். இதில் எஸ்றாவை நான் அதுவரை ஒழுங்காக வாசித்ததே இல்லை. சிறையிருப்பிலிருந்து ஊருக்குத் திரும்பிய சனங்கள் ஆலயத்துக்கு அத்திவாரம் போடுகிறார்கள், முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்ட கிழவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள், மற்றவர்கள் சந்தோஷத்தில் ஆர்ப்பரிக்கிறார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை. மூன்றாவது அதிகாரத்தின் கடைசி. அன்றைக்குப் பின்னேரம் அம்மம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவர் 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் இடம்பெயர்ந்த சனத்தோடு மழைக்குள் வலிகாமத்தை விட்டு நடந்தவர், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இருக்கவில்லை. "ஓம், அப்பிடித்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னார். வேதம் எங்கேயோ நடந்த கதை என்று எனக்குள் இருந்த எண்ணம் அன்றைக்கு உடைந்தது, அது வருடத்தின் முதல் வாரத்திலேயே நடந்ததற்கு இந்த அட்டவணைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சரி, கைப்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நானும் ஒரு வேதாகமச் செயலியில் இதே திட்டத்தைப் போட்டுவைத்தேன். ஒலி வடிவம் அருமை. காலையில் பஸ்ஸில் இணுவில், தாவடி, கொக்குவில் தாண்டி யாழ்ப்பாணம் வந்துசேர்வதற்குள் இரண்டு அதிகாரம் கேட்டு முடிக்கலாம், நெரிசலில் நின்றுகொண்டு வேறு எதைச் செய்ய முடியும். ஆனால் தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தோம் என்று எண்ணிக் காட்டுகிற அந்த இலக்கம் எனக்கு நல்லது செய்யவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒருநாள், இரவு பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும், யோபுவின் ஒரு அதிகாரத்தைப் பெருவிரலால் தள்ளித் தள்ளிக் கீழே கொண்டுபோய், ஒரு வரிகூட வாசிக்காமல், முடித்ததாகக் குறி போட்டேன். எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனுடைய வார்த்தைகளை நான் அப்படித் தள்ளினேன். அந்த வாரமே டெங்கு வந்து படுத்தேன், இலக்கம் பூச்சியத்துக்குப் போனது, உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு செயலியைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாசிப்பைத் தாளுக்கும் பென்சிலுக்கும் மாற்றினேன்.

இது மக்ஷேனுக்கே தெரிந்திருக்கிறது. அட்டவணையோடு அவர் எழுதிய முன்னுரையில் அதன் நன்மைகளுக்கு முன்பே ஆபத்துகளைத்தான் சொல்கிறார்: வெறும் சடங்காகிப் போவது, வாசித்துவிட்டேன் என்ற சுயநீதி, கவனமில்லாமல் ஓடுவது, சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடுவது. தான் செய்த பொருளின் பழுதைத் தானே முதலில் எழுதிவைத்த ஒருவரை நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன்.

கொப்பி விஷயம். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான். மனதில் நின்ற ஒரு வசனத்தைக் கையால் எழுதுவேன், அதற்குக் கீழே ஒரு கேள்வி எழுதுவேன். விளக்கம் எழுதுவதில்லை, பிரசங்கம் எழுதுவதில்லை. கேள்வி மட்டும். தொடக்கத்தில் "யூதா ஏன் தாமாரிடம் இப்படி நடந்தான்" என்ற மாதிரி இருந்தது, போகப் போக "நான் ஏன் இன்றைக்கு அந்தப் பையனிடம் அப்படிக் கத்தினேன்" என்று மாறியது. சனிக்கிழமை பின்னேரம் அந்த வாரத்துக் கேள்விகளில் ஒன்றை வாலிபர் வட்ஸ்அப் குழுவில் போடுவேன். தொடங்கும்போது ஆறு பேர், டிசம்பரில் மூன்று பேர். அந்த மூன்று பேரும் இல்லையென்றால் நானும் முடித்திருக்க மாட்டேன். எல்லோரும் ஒரே நாளில் ஒரே அதிகாரத்தில் நிற்பதுதான் இந்த அட்டவணையின் பெரிய பலம், எங்கேயாவது சந்தித்தால் "இண்டைக்கு எலிசாவைப் பாத்தியே" என்று கேட்கலாம்.

கேள்வி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெப்ரவரியில் ரோமர் பத்தாம் அதிகாரம் வந்தது. "விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்." ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்த வசனம், அத்தனை வருடமும் நான் விளங்கி வைத்திருந்தது கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்று. அம்மம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவர். "கேள்வி எண்டா காதால கேக்கிறது தம்பி. குறளில கேள்வி எண்டு ஒரு அதிகாரமே இருக்கெல்லே, செவிக்கு உணவு எண்டு சொல்லுறது" என்றார். அன்றிலிருந்து குடும்ப வாசிப்பு இரண்டையும் அவருக்கு வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினேன், அவருக்குக் கண்ணில் வெண்புரை, எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. காதால் கேட்கிறவர் நம்மைத் திருத்துகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வரியை விட்டுவிட்டால் உடனே பிடிப்பார். கண்ணால் ஓடும்போது நான் எத்தனை வரிகளை விட்டிருப்பேன்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் இளம் பிள்ளைகளுக்குக் கடினம்தான், மறுக்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இக்காலத் தமிழில் உள்ள மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழையதை முழுக்கக் கைவிட வேண்டாம். பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கியது இந்த யாழ்ப்பாணத்தில்தான், 1850இல் அது அச்சில் வந்தது. இப்போது நம் கையில் இருப்பது அதற்குப் பிறகு வந்த வேறு மொழிபெயர்ப்பு என்றாலும், வேதத்தை நல்ல தமிழில் கேட்க வேண்டும் என்று பாடுபட்ட ஊர் இது. ஒரு சொல் விளங்காமல் நின்று, மூத்தவர் ஒருவரிடம் போய்க் கேட்பதும் படிப்புத்தானே.

இனிக் குறைகள். ஓய்வு நாள் என்று ஒன்றுமே இல்லை, 365 நாளும் நாலு வாசிப்பு. பெப்ரவரி 29க்கு மட்டும் ஒன்றும் இல்லை, 2024இல் அந்த நாள் வந்தது, விட்டுப்போன இரண்டைப் பிடித்தேன். நவம்பரில் வீட்டில் ஒரு கலியாணம், மழை, வேலைத்தலத்தில் வருட இறுதிக் கணக்கு, ஒன்பது நாள் போய்விட்டது. முப்பத்தாறு வாசிப்பையும் ஒரே சனிக்கிழமையில் முடிக்கப் பார்த்து, மத்தியானத்துக்குள் தலை சுற்றியது, ஒரு வசனமும் மனதில் தங்கவில்லை. அந்த ஒன்பது நாளையும் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு அன்றைய திகதிக்குப் போனேன், விட்டதை டிசம்பரில் பின்னேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து முடித்தேன். உங்களுக்கும் அறுந்தால் அப்படியே செய்யுங்கள், இன்றைய திகதியில் ஏறிக்கொள்ளுங்கள்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு முதல் வருடத்திலேயே இதைக் கொடுக்க மாட்டேன். அவர் ஒரு சுவிசேஷத்தை மெதுவாக வாசிக்கட்டும். நேரம் குறைந்தவர்கள் குடும்ப வாசிப்பு இரண்டையும் ஒரு வருடம், தனி வாசிப்பு இரண்டையும் அடுத்த வருடம் என்று பிரிக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. கத்தோலிக்க நண்பர்கள் கவனிக்க வேண்டியது, இதில் 66 புத்தகங்கள்தான் இருக்கின்றன, உங்கள் வேதாகமத்தின் 73 இல்லை. குருநகரில் உள்ள என் சிநேகிதன் ஒவ்வொரு நாளும் திருப்பலி வாசகங்களையே வாசிக்கிறான், அதே கொப்பி முறையில், அவனுக்கு அது நன்றாகப் போகிறது.

அம்மம்மாவின் வேதாகமத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. மட்டை பிய்ந்து துணியால் ஒட்டியது, பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள், பல இடங்களில் திகதி. ஜூன் கடைசியில் 121ஆம் சங்கீதம் வந்தபோது அதிலிருந்துதான் வாசித்தேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." ஓரத்தில் "கொடிகாமம், 95 நவம்பர்" என்று எழுதியிருந்தது, இடம்பெயர்ந்திருந்த நேரம். எங்கள் குடாநாட்டில் ஒரு மலைகூட இல்லை, எங்கு பார்த்தாலும் பனையும் வயலும்தான், அன்றைக்குக் கொப்பியில் எழுதிய கேள்வியே அதுதான்: மலை இல்லாத ஊரில் இருக்கிறவன் எங்கே பார்ப்பது? அம்மம்மாவிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வசனத்தை முழுவதும் சொன்னார், வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து என்று. "மலையையே பாத்துக்கொண்டு நிக்காத, அடுத்த வரியையும் வாசி." பிறகு என் கையிலிருந்த பென்சிலைத் தடவிப் பார்த்து, அந்தப் பழைய திகதிக்குக் கீழே இன்றைய திகதியை எழுதச் சொன்னார், உடுவில் என்று ஊரையும் போடச் சொன்னார். எழுதினேன்.

இந்த வருடத்துக்கு அட்டவணையை மீண்டும் அச்சடித்துவிட்டேன். நீங்களும் அச்சடிப்பதென்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லுங்கள், சாதாரண அளவில் நாலு நிரலும் நெருங்கிப்போய்க் காலை வெளிச்சத்தில் கண் தெரியாது. மட்டைத்தாளில் எடுத்தால் வருடம் முழுக்கத் தாங்கும், என்னுடையது செப்டம்பரிலேயே மடிப்பில் கிழிந்துவிட்டது.