யோகோஹாமா நூலக அட்டையோடு 9 ஆண்டுகள்

ஜப்பானின் யோகோஹாமா நகரத்துக்குக் குடிவந்த முதல் மாதமே வசிப்பிட அட்டையைக் காட்டி நூலக அட்டை வாங்கிவிட்டேன். அன்று எனக்கு ஜப்பானியத்தின் அடிப்படை ஒலி எழுத்துகளான ஹிராகானாவைத் தவிர வேறொன்றும் படிக்கத் தெரியாது. இன்று ஜப்பானிய நாவல்களைத் தட்டுத்தடுமாறியாவது படித்து முடிக்கிறேன் என்றால், அதற்கு எங்கள் வார்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுதான் காரணம்.

பல சிறுவர் நூல்களில், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஃபுரிகானா எனும் உச்சரிப்புக் குறிப்பைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உச்சரிப்பு கண்ணெதிரே இருப்பதால் அகராதியைப் புரட்டாமல் கதையோடு போகலாம். ஜப்பானியம் கற்கும் பெரியவர்கள் கூச்சப்படாமல் அந்தக் குட்டி நாற்காலிகளில் போய் உட்கார வேண்டும். கமிஷிபாயையும் இரவல் தருகிறார்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் கதை என்று அமைந்த பெரிய அட்டைகள் அவை. இரவில் நான் வாசிக்க, என் மகள் படம் பார்ப்பாள். பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் என் உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்தாள். அந்த இரவுகளுக்கு ஈடாக எந்த மொழி வகுப்பையும் என்னால் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் கட்டணம் கிடையாது. பொது நூலகங்கள் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1950ஆம் ஆண்டின் நூலகச் சட்டமே சொல்கிறது.

குறையும் உண்டு. 37 லட்சம் பேர் வாழும் நகரத்தில், 18 வார்டுகளுக்கு வார்டுக்கு ஒன்றாக 18 நூலகங்கள்தான். இது போதாது என்பதே என் உறுதியான கருத்து. வார்டின் ஓரத்தில் குடியிருப்பவர் பஸ் ஏறித்தான் போக வேண்டும். அதை ஓரளவு ஈடுகட்டுவது முன்பதிவு முறை. நகரின் எந்த நூலகத்தில் இருக்கும் புத்தகத்தையும் வீட்டிலிருந்தே கேட்கலாம். நம் வார்டு நூலகத்துக்கே வந்து சேரும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்றார் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். முன்பதிவுப் புத்தகத்தை வாங்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். ஆனால் ஆண்டுக்கு இருமுறை வரும் அகுதாகவா, நவோக்கி ஆகிய புகழ்பெற்ற இலக்கியப் பரிசுகளை வென்ற நூல்களுக்கு மட்டும் பொறுமை வேண்டும். வரிசை மாதக்கணக்கில் நீளும்.

ஒருவருக்கு 6 புத்தகங்கள், 2 வாரம். வேறு யாரும் காத்திருக்கவில்லை என்றால் ஒருமுறை நீட்டிக்கலாம். குழந்தைக்கும் தனி அட்டை வாங்கிவிடுங்கள்.

மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு படப் புத்தகத்தின் பக்கத்தைக் கிழித்துவிட்டாள். நல்லது செய்வதாக நினைத்து செலோடேப் ஒட்டிக் கொண்டுபோனேன். நூலக ஊழியர்கள் கோபிக்கவில்லை, அடுத்த முறை கிழிந்தால் அப்படியே கொண்டுவாருங்கள் என்று மென்மையாகச் சொன்னார்கள். செலோடேப் நாளடைவில் பழுப்பேறிக் காகிதத்தையே கெடுத்துவிடுமாம். அவர்கள் அதற்கென்றே உள்ள மெல்லிய தாளால் பழுது பார்க்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நூலகப் புத்தகங்களுக்குத் தனிப் பையும் தனி அலமாரித் தட்டும் இருக்கின்றன.

நோகேயாமாவில் உள்ள மத்திய நூலகத்துக்கு ஹினோதேச்சோ ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், வழி ஏற்றம்தான். சனி, ஞாயிறு மாலை 5 மணிக்கே மூடிவிடுவார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அருகிலுள்ள நோகேயாமா விலங்குக் காட்சியகத்தை முதலில் பார்த்துவிடுங்கள். அங்கும் அனுமதி இலவசம். புத்தகங்களை எடுத்த பிறகு அந்தச் சுமையோடு மேட்டில் ஏறுவது கடினம்.