மெட்டீரியல் சயின்ஸ் கிட்: கம்பிக்கு ஃபுல் மார்க், கல்லுக்கு சைபர்

முதல்லயே சொல்லிடறேன், கம்பி, கல்லுன்னு பொருளோட குணத்த பசங்களே செஞ்சு பாக்கற இந்த கிட் நல்லாதான் இருக்கு, ஆனா குடுக்கற காசுல பாதி நம்ம கிருஷ்ணகிரில சும்மாவே கிடைக்கிற பொருளுக்கு போகுது.

எட்டாவது படிக்கிற பொண்ணுக்காக ஆன்லைன்ல வாங்கினது. இதுல டாப்புன்னா நிட்டினால் கம்பிதான். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது, எப்படி வேணா சுருட்டி கசக்கி வைங்க, சுடுதண்ணில போட்டதும் துள்ளி பழைய ஷேப்புக்கே வந்துடுது, சூடு பட்டதும் உள்ள இருக்கிற அணுக்களோட அடுக்கே மாறிடறதாலதான் அப்படி. பல்லுக்கு கிளிப் போடறாங்கல்ல, அதுலயும் இந்த வகை கம்பி உண்டு. எங்க மாமியாரும் டம்ளர் தூக்கிட்டு வந்து போட்டு பாத்தாங்க.

அடுத்து ஒரே மாதிரி மூணு ஸ்டீல் கம்பி. ஒண்ண செக்கச்செவேல்னு காய்ச்சி மெதுவா ஆறவிட்டா சொன்னபடி வளையுது. இன்னொண்ண அதே சூட்டோட தண்ணில முக்கினா, வளைக்கறப்ப பட்டுனு ஒடியுது. மூணாவத முக்கி எடுத்து, நீலம் ஓடற வரைக்கும் திரும்ப லேசா தீயில காட்டினா ஸ்பிரிங் மாதிரி நிக்குது. பட்டறைல அருவாளுக்கு பதம் வைக்கறாங்களே, அதேதான். ஆனா இவங்க குடுத்த குட்டி மெழுகுவத்தில இந்த வேலை ஆகாது, ஸ்டீலு 727 டிகிரிய தாண்டினாதான் முக்கறப்ப கெட்டியாகும், கடைசில கேஸ் அடுப்புல குறடுல புடிச்சு நான்தான் காய்ச்சி குடுத்தேன். பசங்கள தனியா செய்ய விட்டுடாதீங்க.

கல்லு செட்டு செம காமெடி. நகத்தளவு கிரானைட் துண்டு, அதுவும் பார்சல்ல, கிருஷ்ணகிரிக்கு! பாலிஷ் யூனிட்ல கேட்டா வேஸ்ட் துண்டு கை நிறைய அள்ளி குடுப்பாங்க. அதுல இருக்கிற குவார்ட்ஸ்ங்கற கனிமம், கடினத்த 1லேர்ந்து 10 வரைக்கும் சொல்ற மோஸ் அளவுல 7, ஆணியால கீறினா ஆணிதான் தேயும். மார்பிள்னா ஈசியா கோடு விழும், எலுமிச்சை சாறு விட்டா பொங்கும்.

கையேடு மொத்தமும் இங்கிலீஷ், தமிழ் மீடியம் பசங்களுக்கு பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சொல்லணும். இரும்போட வரலாறுன்னு ஒரு பக்கம் இருக்கு, நம்ம மாவட்டத்து மயிலாடும்பாறைல கிடைச்ச இரும்பு 4200 வருஷம் பழசுன்னு 2022ல சட்டசபைலயே அறிவிச்சாங்க, அதப்பத்தி ஒரு வரி கூட இல்ல.

ஸ்கூல்ல கிளாஸுக்கு ஒண்ணுன்னு வாங்கினா ஒர்த். வீட்டுக்குன்னா நிட்டினால் கம்பி தனியாவே விக்கறாங்க, அத மட்டும் வாங்கிக்கோங்க. அஞ்சுக்கு மூணு.