டிஜே மேசையில் கிளாஸ் கவிழாமல் இருக்க: மூடியா, சிலிகான் உறையா, முன்தடுப்பா?

பார்ட்டியில் டிஜே மேசைக்கு வருகிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. ஒரு பாட்டுக் கேட்க வேண்டும், அல்லது யாருக்கோ பிறந்தநாள் என்று மைக்கில் சொல்லச் சொல்ல வேண்டும். கையில் கிளாஸ் இருக்கிறது. பேசுவதற்குக் குனிகிறார்கள், சத்தத்தில் காது கேட்காததால் இன்னும் குனிகிறார்கள். மேசை விளிம்பில் நாலு விரல் இடம் தெரிந்தால் கிளாஸை அங்கே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பேசத் தொடங்குகிறார்கள். ஆக, சிந்துவதற்கு இரண்டு வழிகள்: கையில் இருக்கும் கிளாஸ் சாய்வது, வைத்த கிளாஸ் தட்டுப்படுவது. பக்கத்தில் சப்வூஃபர் (கனத்த அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) இருந்தால் அதிர்வில் யாரும் தொடாமலேயே கிளாஸ் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும்.

இதற்கெனக் கடையில் கிடைப்பவற்றையும் டிஜேக்கள் தாங்களே செய்துகொள்பவற்றையும் அலசிப் பார்த்துவிட்டு, நான் முன்தடுப்பின் பக்கம், அதாவது மேசைக்கு முன்னால் நிறுத்தும் மறைப்பின் பக்கம், வந்துவிட்டேன். காரணத்தைச் சொல்வதற்கு முன் மற்றவற்றையும் பார்த்துவிடலாம்.

‘இங்கே பானம் வைக்காதீர்கள்’ என்ற அட்டை: வைப்பதில் தப்பில்லை. ஆனால் விளக்கை அணைத்த பிறகு அதை யாரும் படிப்பதில்லை. காப்பீடு எடுக்கலாம், கட்டாயம் எடுக்கவும் வேண்டும். ஆனால் அது பணத்தைத்தான் திருப்பித் தரும், அன்றைய நிகழ்ச்சியைத் தராது. எடுக்கும்போது திரவம் சிந்திய சேதம் பாலிசியில் அடங்குமா என்பதை மட்டும் முதலிலேயே படித்துப் பாருங்கள்.

அடுத்தது கன்ட்ரோலருக்கான, அதாவது லேப்டாப்போடு இணைத்துப் பாட்டுகளைக் கலக்கும் கருவிக்கான, கெட்டியான மூடி. டெக்சேவர் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் அளவெடுத்து வார்த்துத் தரும் பாலிகார்பனேட் மூடிகள் இவை. வயர்களைக் கழற்றாமலேயே மேலே கவிழ்த்துவிடலாம். நன்றாகப் பொருந்துகிறது, தூசியைத் தடுக்கிறது, ஒலியைக் கூட்டிக் குறைக்க நகர்த்தும் ஃபேடர் குமிழ்கள் பையில் இடிபட்டு உடையாமலும் காக்கிறது. சாமான்களை அடுக்கிவிட்டு நிகழ்ச்சி தொடங்கக் காத்திருக்கும் நேரத்துக்கும், பேச்சு, சாப்பாடு என்று இடைவெளி விடும் நேரத்துக்கும் இதைவிட நல்லது இல்லை. நானும் இன்றுவரை ஒன்றை வைத்திருக்கிறேன். ஆனால் செட் ஓடும்போது, அதாவது நான் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அது மேசைக்கு அடியில்தான் கிடக்கும். ஆட்டம் சூடுபிடித்து, ஆட்கள் மேசையைச் சுற்றி நெருக்கும் அந்த நேரத்தில் கன்ட்ரோலர் திறந்தே இருக்கிறது. கன்ட்ரோலரை மாற்றினால் மூடியையும் மாற்ற வேண்டும் என்பது கூடுதல் செலவு.

சிலிகான் உறையும் ஒட்டுப்படலமும் இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி விற்கப்படுகின்றன. லேப்டாப் கீபோர்டுக்கு நான் தாராளமாக ஆதரவு தருவேன். கீபோர்டு வழியே இறங்கும் திரவம் பல லேப்டாப்களில் நேராக மதர்போர்டுக்குத்தான் போகும், ஒரு மெல்லிய உறை அதற்குக் குறுக்கே நிற்பது பெரிய விஷயம். காற்று வெளியேறும் துளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி. கன்ட்ரோலரில் கதை வேறு. ஃபேடர் மேலும் கீழும் ஓட வேண்டுமென்றால் உறையில் அந்த இடத்தில் கீறல் விட்டே ஆக வேண்டும். எந்த இடத்தில் திரவம் இறங்கக்கூடாதோ அதே இடத்தில் திறப்பு. ஜாக் வீலின் (கையால் சுழற்றும் வட்டத் தட்டு) தொடு உணர்வு உறையால் மந்தமாகிறதா என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. சிறிது நேரம் தொட்டுப் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இந்த ஃபேடர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், என் முடிவு இதில்தான் நிற்கிறது. வழக்கமான ஃபேடருக்குள் ஒரு கார்பன் தடமும், அதன் மேல் உரசிக்கொண்டு ஓடும் ஒரு சிறு உலோகத் தொடுமுனையும் இருக்கின்றன. வெறும் தண்ணீர் பட்டு, மின்சாரத்தை உடனே நிறுத்தி முழுக்கக் காயவிட்டால் பல சமயம் பிழைத்துவிடும். பார்ட்டியில் சிந்துவது வெறும் தண்ணீர் அல்ல. கோலா, ஜூஸ், பீர், காக்டெய்ல் எல்லாவற்றிலும் சர்க்கரையோ அமிலமோ இரண்டுமோ உண்டு. தண்ணீர் ஆவியாகிப் போகும், சர்க்கரை தடத்தின் மேல் பிசினாகத் தங்கும். முதலில் ஃபேடர் கையில் கொஞ்சம் இழுக்கும். அப்புறம் நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும், அல்லது பாட்டின் ஒலி தானாக ஏறி இறங்கும். அமிலம் உள்ளே சர்க்யூட் போர்டில் உள்ள செம்பை மெல்ல அரிக்கும், அது வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும். சுத்தம் செய்ய வேண்டுமானால் கன்ட்ரோலரைப் பிரித்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அது பிசினோடு சேர்த்து ஃபேடரின் வழவழப்பு எண்ணெயையும் கழுவிவிடும், பிறகு ஃபேடருக்கென்றே உள்ள எண்ணெயைத் திரும்ப இட வேண்டும். பயனியரின் மேக்வெல், ரேனின் மேக் போன்ற காந்த ஃபேடர்களில் உரசும் தடம் இல்லாததால் கரகரப்புப் பயம் குறைவு. ஆனால் பல மாடல்களில் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடர் மட்டும்தான் அப்படி, பக்கத்தில் இருக்கும், ஒவ்வொரு பாட்டின் ஒலிக்குமான சேனல் ஃபேடர்கள் பழைய வகையே.

ஆகவே ஃபேடர் மேல் விழுந்த பிறகு என்ன செய்வது என்று யோசிப்பதைவிட, கிளாஸ் அந்த இடத்துக்கு மேலே வரவே முடியாதபடி செய்வது நல்லது. செட் ஓடும் நேரம் முழுவதும் அதைச் செய்வது முன்தடுப்பு ஒன்றுதான்.

டிஜே பூத் என்றும் சொல்வார்கள்: மேசைக்கு முன்னால் நிற்கும் மடக்குப் பலகைகள். சட்டத்தில் வெள்ளையோ கறுப்போ நீட்சித்துணி மாட்டியது ஒரு வகை, கெட்டியான பலகை இன்னொரு வகை. வயரை மறைக்கவும், விளக்கு வெளிச்சம் பட்டு அழகாகத் தெரியவும்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். எனக்கு அதன் உயரமே முக்கியம். சாதாரண விருந்து மேசை சுமார் 75 செ.மீ. உயரம். நின்று வேலை செய்ய அது தாழ்வு, 90 முதல் 100 செ.மீ. வரை உயர்த்தினால் முதுகுக்கும் நல்லது. அதற்கு முன்னால் 120 செ.மீ. அளவில் ஒரு தடுப்பு நின்றால், வருகிறவரின் கிளாஸ் தடுப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். பேச அவர் தலையை நீட்டுவார், கையை நீட்டுவது கடினம்.

இதில் இரண்டு நுணுக்கங்கள். ஒன்று, மேல் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். சில பூத்களில் அழகுக்காக அகலமான மேல்பலகை வரும். அது கிளாஸ் வைக்க அழைப்பு வைத்தது போலத்தான், அதுவும் ஃபேடரைவிட உயரத்தில். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள், இருந்தால் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, தடுப்புக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. துணித் தடுப்பு திரவத்தை முழுக்கத் தடுக்காது. ஊறி உள்பக்கம் சொட்டும். இடைவெளி இருந்தால் அது தரையில் சொட்டும். யாராவது தடுப்பில் சாய்ந்தாலும் மேசை ஆடாது.

தடுப்போடு ஒரு துணையும் வேண்டும்: கிளாஸ் வைக்க வேறு இடம். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கையில் கிளாஸோடு வருகிறவருக்கு அதை இறக்கிவைக்க இடம் தெரிந்தால் தானாகவே அங்கே வைப்பார். மண்டபத்தில் கேட்டு, சுமார் 110 செ.மீ. உயர வட்ட மேசை ஒன்றை வாங்கி, தடுப்பின் ஓரத்தில் இரண்டடி தள்ளிப் போடுங்கள். மேலே சிறு விளக்கு ஒன்றை வைத்தால் இருட்டிலும் கண்ணில் படும். பாட்டுக் கேட்கும் சீட்டையும் பேனாவையும் அங்கேயே வைத்தால், பாதிப் பேர் அந்த மேசையிலேயே எழுதி வைத்துவிட்டுப் போவார்கள்.

குறைகளும் உண்டு. வண்டியில் இடம் பிடிக்கும், அடுக்கவும் பிரிக்கவும் நேரம் எடுக்கும், துணியைத் துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் இது காக்காது. மேசையைச் சுவரை ஒட்டியோ மூலையிலோ போட முடிந்தால்தான் முழுப் பலன். காற்றடிக்கும் திறந்தவெளியில் துணித் தடுப்பின் கால்களில் கனம் வைப்பது கட்டாயம். அங்கே நான் அதிகம் வேலை செய்ததில்லை, அதனால் எவ்வளவு கனம் போதும் என்று அளவு சொல்லத் துணிய மாட்டேன்.

சின்ன அறையில் தடுப்புக்கு இடமே இல்லையென்றால் ஃபிளைட் கேஸைப் (கருவியைக் கொண்டுபோகும் கெட்டிப் பெட்டி) பாருங்கள். கழற்றக்கூடிய மூடியைக் கேஸின் முன்னால் நிமிர்த்தி வைத்தால் அதுவே ஒரு குட்டிச் சுவர். மேலே நகரும் லேப்டாப் தட்டு உள்ள கேஸ் கன்ட்ரோலரின் பின்பாதியை மறைக்கும்தான், ஆனால் லேப்டாப் வருகிறவர் பக்கம் முன்னே போய்விடுகிறது. தட்டு உள்ள கேஸ் வைத்திருப்பவர்கள் கீபோர்டு உறையை மறக்கக் கூடாது.

எதை வாங்கினாலும் பிளக்குகள் மாட்டும் எக்ஸ்டென்ஷன் பலகையைத் தரையில் விடாதீர்கள். மேலே சிந்துவது எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். மேசையின் அடிப்பக்கம் கட்டிவிட்டு, வயர் அதற்குள் போகும் முன் கீழே ஒருமுறை தொங்கி ஏறும்படி விட்டால், வயர் வழியே வரும் திரவம் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். மண்டபத்தின் மின்சாரத்தை நம்பாமல் 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு சாதனம் ஒன்றைக் கையோடு எடுத்துப்போவது உயிருக்கே பாதுகாப்பு. அப்படியும் கன்ட்ரோலரில் சிந்திவிட்டால் முதலில் ஆம்பிளிஃபயரின் ஒலியை இறக்குங்கள், அடுத்து மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள், யுஎஸ்பி வயரையும் சேர்த்து. பல கன்ட்ரோலர்களுக்கு லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் போகிறது. பிறகு கவிழ்த்து வைத்து வடியவிடுங்கள். அதைத் திரும்ப அன்றிரவே போட்டுப் பார்க்க வேண்டாம். மீதி நேரத்துக்குப் போனிலோ இன்னொரு லேப்டாப்பிலோ தயாராக வைத்த பாட்டு வரிசை ஓடட்டும்.