கன்டெய்னர்களுக்கு முன்னால் ட்ராஃபிக்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

என் சர்வரில் ஓடும் டாக்கர் கன்டெய்னர்கள் (ஒவ்வொரு செயலியையும் தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகள்) எல்லாவற்றுக்கும் முன்னால் சில ஆண்டுகளாக ட்ராஃபிக் (Traefik) என்ற மென்பொருள்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி. அதற்கு முன் இஞ்சின்எக்ஸ் (nginx). 80, 443 போர்ட்களில் வரும் கோரிக்கை எந்த டொமைனுக்கு என்று ஹோஸ்ட் ஹெடரில் பார்த்து, உரிய கன்டெய்னருக்கு அனுப்புவதுதான் இரண்டுக்கும் வேலை. அந்த வழியை எங்கே எழுதி வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். நான் மாறியது அதற்காகத்தான்.

இஞ்சின்எக்ஸில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சர்வர் பிளாக் (அந்தத் தளத்துக்கான அமைப்பு வரிகள்) எழுத வேண்டும். கன்டெய்னரை நீக்கிய பிறகும் அது அங்கேயே கிடக்கும். கன்டெய்னரின் பெயரை நேரடியாகக் கொடுத்திருந்தால், வழக்கமான அமைப்பில் அந்தப் பெயருக்கான ஐ.பி.யைத் தொடங்கும்போதோ ரீலோட் ஆகும்போதோதான் தேடும். கன்டெய்னரை மறுபடி உருவாக்கி ஐ.பி. மாறினால் 502 பிழை வரும். டாக்கரின் உள் டி.என்.எஸ். முகவரியான 127.0.0.11-ஐ ரிசால்வராகக் கொடுத்து, பெயரை ஒரு வேரியபிளில் வைத்தால் சரியாகும். ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் அதை நினைவில் வைத்துச் செய்ய வேண்டும்.

ட்ராஃபிக்கில், கன்டெய்னர்களை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கம்போஸ் ஃபைலிலேயே, அந்தந்த சர்வீஸுக்குக் கீழே லேபிளாக எழுதிவிடுகிறேன்: எந்த டொமைன், உள்ளே எந்தப் போர்ட், எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழை யார் வாங்குவது. கன்டெய்னர் எழுந்தால் வழி தானாக வரும், இறங்கினால் போய்விடும். பழைய தளத்தின் மிச்சம் எங்கும் தங்காது. கேட்கிற கன்டெய்னர் மட்டும் வெளியே தெரியும்படி, இயல்பாக எல்லாவற்றையும் காட்டும் அமைப்பை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. கன்டெய்னர் இரண்டு நெட்வொர்க்குகளில் இருந்தால், ட்ராஃபிக் தனக்கு எட்டாத நெட்வொர்க்கின் ஐ.பி.யை எடுத்துக்கொண்டு 504 பிழை காட்டக்கூடும். எந்த நெட்வொர்க் என்று லேபிளில் சொல்லிவிட வேண்டும். அங்கே கம்போஸ் முன்னொட்டாகச் சேர்க்கும் ப்ராஜெக்ட் பெயரோடு முழுப்பெயர் தேவை. இன்னொன்று இதைவிடக் குழப்பும்: கன்டெய்னர் ஓடுகிறது, லாக்கில் பிழை இல்லை, பிரவுசரில் மட்டும் 404. ஹெல்த்செக்கில் (செயலி நலமாக ஓடுகிறதா என்ற சோதனை) இன்னும் தேறாத கன்டெய்னரை ட்ராஃபிக் கணக்கிலேயே எடுக்காது. இப்போதெல்லாம் 404 வந்தால் டாக்கர் பட்டியலில் ஹெல்த் நிலையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பெரிய ஃபைல்களை ஏற்றும் செயலிகள் வைத்திருப்பவர்களுக்கு: 2024-இல் 3.0 வந்தபோது, கோரிக்கையை வாசித்து முடிக்கும் காலவரம்பு இயல்பாகவே 60 விநாடி ஆனது. வேண்டுமென்றே மெதுவாக அனுப்பி இணைப்பைப் பிடித்துவைக்கும் தாக்குதல்களுக்கு எதிரான நல்ல மாற்றம்தான். ஆனால் மெதுவான இணைப்பில் பெரிய வீடியோ ஏற்றினால் பாதியில் அறுந்துவிடும். கோரிக்கை வரும் போர்ட்டுக்கான என்ட்ரிபாயின்ட் அமைப்பில் வரம்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் 90 நாள் சான்றிதழை ட்ராஃபிக் தானே புதுப்பித்துக்கொள்கிறது. சான்றிதழ்கள் சேரும் ஆக்மி கோப்பை நிலையான வால்யூமில், 600 அனுமதியோடு (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) வையுங்கள். கன்டெய்னரோடு அது அழிந்தால் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும். ஒரே பெயர்த் தொகுதிக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ் என்ற லெட்ஸ் என்க்ரிப்ட்டின் வரம்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். சோதனைக்கு அவர்களின் ஸ்டேஜிங் சர்வரையே பயன்படுத்துங்கள். வைல்டுகார்டு (எல்லாத் துணை டொமைன்களுக்கும் ஒரே சான்றிதழ்) வேண்டுமென்றால் டி.என்.எஸ். சரிபார்ப்பு ஒன்றுதான் வழி.

இரண்டு மூன்று தளங்கள் மட்டுமே, அவையும் அடிக்கடி மாறாது என்றால் கேடி (Caddy) என்ற இன்னொரு ரிவர்ஸ் ப்ராக்ஸியே போதும். ஒரு தளத்துக்கு நாலைந்து வரிகள்தான், எச்.டி.டி.பி.எஸ். தானாக வந்துவிடும்.

எனக்கு இன்னும் உறுத்துவது டாக்கர் சாக்கெட், அதாவது டாக்கருக்குக் கட்டளைகள் போகும் வாயில். லேபிள்களைப் படிக்க ட்ராஃபிக்குக்கு அது வேண்டும். ஆனால் அது கையில் இருப்பது சர்வரின் ரூட் அனுமதி இருப்பதற்குச் சமம். இணையத்தை நேரடியாகப் பார்த்து நிற்பதும் அதே கன்டெய்னர்தான். ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்வது சாக்கெட் ஃபைலை மட்டுமே காக்கும், அதன் வழியே போகும் கட்டளைகளைத் தடுக்காது. அதனால் நடுவில் ஒரு சாக்கெட் ப்ராக்ஸியை வைத்து, கன்டெய்னர் பட்டியலைப் படிப்பது போன்ற தேவையான சிலவற்றை மட்டும் அனுமதித்து, அதை வெளித்தொடர்பே இல்லாத தனி நெட்வொர்க்கில் வைத்திருக்கிறேன்.