மாஸ்லாக் பணிச்சோர்வு அளவுகோல்: மருத்துவமனை காசு கொடுத்து வாங்கலாமா?

டாக்டர்கள், நர்ஸ்கள், பிஜி மாணவர்களின் பர்ன்அவுட்டை, அதாவது பணிச்சோர்வை, அளந்து பார்க்கலாம் என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து நிற்பது மாஸ்லாக் அளவுகோல்தான். சுருக்கமாக எம்பிஐ. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்டது. இது இலவச வினாத்தாள் அல்ல. மைண்ட் கார்டன் என்ற அமெரிக்க நிறுவனம் ஆள் கணக்கில் உரிமம் விற்கிறது. மொழிபெயர்க்கவும் தனி அனுமதி வேண்டும். எங்கோ கிடைத்த பிடிஎஃப்பை ஜெராக்ஸ் எடுத்து ஆய்வேட்டை முடித்துவிட்டு, பிறகு ஆய்விதழ் உரிமக் கடிதம் கேட்கும்போது கையைப் பிசைவதில் பயனில்லை.

வாங்குவதென்றால் முதலில் வடிவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோயாளியைப் பார்க்கிற ஹவுஸ் சர்ஜன், பிஜி, ஸ்டாஃப் நர்ஸ் எல்லோருக்கும் மருத்துவப் பணியாளர் வடிவம். இன்னும் வகுப்பறையிலேயே இருக்கும் முதலாண்டு எம்பிபிஎஸ் மாணவருக்கு இதைக் கொடுத்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இருக்காது. அவருக்கு மாணவர் வடிவம் தனியாக உண்டு.

மருத்துவப் பணியாளர் வடிவத்தில் 22 கேள்விகள். 'ஒருபோதும் இல்லை' 0, 'தினமும்' 6. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். உணர்ச்சி வற்றிப்போவதற்கு 9 கேள்விகள், நோயாளியிடம் மனம் மரத்துப்போவதற்கு 5, 'செய்கிற வேலையில் எதையோ சாதிக்கிறேன்' என்ற நிறைவுக்கு 8. முதல் இரண்டில் மதிப்பெண் ஏறினால் நிலைமை மோசம். மூன்றாவதில் இறங்கினால் மோசம். இதைக் கவனிக்காமல் மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. மூன்றையும் தனித்தனியாகவே எழுத வேண்டும்.

இந்தப் பிரிப்புதான் எம்பிஐயின் உண்மையான பலம். வற்றிப்போய், ஆனால் நோயாளியிடம் இன்னும் பரிவோடு இருக்கிற நர்ஸுக்குத் தேவை ஓய்வும் ஆள்பலமும். வற்றியதோடு மரத்தும் போய்விட்ட யூனிட்டுக்கு ரெண்டு நாள் லீவு போதாது. (வார்டில் '12ஆம் பெட்' என்று நோயாளியைச் சொல்வதை வைத்து மட்டும் மரத்துப்போனதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேலையின் சுருக்கெழுத்து.)

பலவீனம் வெட்டெண்ணில், அதாவது 'இதைத் தொட்டால் பர்ன்அவுட்' என்று போடும் கோட்டில், இருக்கிறது. வற்றிப்போதல் 27 அல்லது அதற்கு மேல், மரத்துப்போதல் 10 அல்லது அதற்கு மேல் என்றால் பர்ன்அவுட் என்று பல ஆய்வுகள் எழுதின. அந்தக் கோடுகள் நோயைக் கண்டறிந்து போட்டவை அல்ல. பதில் சொன்ன கூட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் வந்தவை. நான்காம் பதிப்பின் கையேடே அவற்றைக் கைவிட்டுவிட்டது. விளைவைப் பாருங்கள்: 2018இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவர்களைப் பற்றிய 182 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது பர்ன்அவுட்டுக்குக் குறைந்தது 142 வரையறைகள் இருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 0 சதவீதம் முதல் 80.5 சதவீதம் வரை! எனவே 'எங்கள் மருத்துவமனையில் இத்தனை சதவீதம்' என்று அறிக்கை எழுதாமல், சராசரியை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளால் அளந்து, ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள்.

இதற்கு மாற்று டென்மார்க்கிலிருந்து வந்த கோபன்ஹேகன் அளவுகோல். டேக் கிறிஸ்டென்சன் குழுவினர் 2005இல் வெளியிட்டது, இலவசம். 19 கேள்விகள்: பொதுவான களைப்புக்கு 6, வேலையால் வரும் களைப்புக்கு 7, நோயாளிகளோடு பழகுவதால் வரும் களைப்புக்கு 6. ஒவ்வொரு பதிலுக்கும் 0, 25, 50, 75, 100. பிரிவுக்குப் பிரிவு சராசரி. 'குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் தெம்பு மிஞ்சுகிறதா' என்று கேட்கும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். எக்செல்லில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஏழு கேள்விப் பிரிவில் நான்குக்குக் குறைவாகப் பதில் இருந்தால் அந்தத் தாளை அந்தப் பிரிவில் சேர்க்கக் கூடாது. மரத்துப்போதலை இது அளப்பதில்லை. அது ஒரு குறை. ஆனால் களைப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டுவதால் டியூட்டி பட்டியல் போடுபவருக்கு உடனே பயன்படும். வேலைப் பிரிவு உச்சத்திலும் நோயாளிப் பிரிவு தாழ்ந்தும் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியவை ஷிஃப்ட் நீளம், எழுத்து வேலை, ஆள் பற்றாக்குறை. 'நோயாளியிடம் பேசுவது எப்படி' என்ற பயிற்சி வகுப்பு அங்கே வீண்.

தமிழில் கொண்டுவரும்போது கவனம். 'மனச்சோர்வு' என்று எழுதினால் டிப்ரஷனாகத்தான் படிப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி 11இல் பர்ன்அவுட் ஒரு நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகவே இடம்பெற்றிருக்கிறது. கோபன்ஹேகனின் பொதுவான களைப்புப் பிரிவில் ஒன்றையொன்று ஒத்த நான்கு கேள்விகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் 'சோர்வு' என்று போட்டால் நான்கும் ஒரே கேள்வியாகிவிடும். களைப்பு, உடம்பு அசதி, மனசு விட்டுப்போவது, ஓய்ந்துபோவது என்று வேறுபடுத்துங்கள். இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து, மூன்றாமவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்து, பத்து ஸ்டாஃப் நர்ஸ்களிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு அச்சிடுங்கள்.

எந்த அளவுகோலானாலும் அதைக் கெடுப்பது கொடுக்கும் விதம். ஹெச்ஓடி (துறைத் தலைவர்) அறையில் தாளை வாங்கி வைத்தால் எந்தப் பிஜியும் 'நோயாளி மேல் அக்கறை போய்விட்டது' என்று உண்மையை எழுதப்போவதில்லை. வயது, பாலினம், ஆண்டு, யூனிட் நான்கையும் கேட்டால் பெயர் கேட்கத் தேவையே இல்லை. யார் என்று தெரிந்துவிடும். யூனிட்டில் பத்துப் பேருக்குக் குறைவென்றால் பக்கத்து யூனிட்டோடு சேர்த்தே கணக்குக் காட்டுங்கள். நைட் டியூட்டி முடிந்த காலையிலும் தேர்வு மாதத்திலும் வேண்டாம். மிகவும் ஓய்ந்தவர்களே தாளைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்பதால், பாதிப் பேர் மட்டும் பதில் சொன்ன கணக்கை 'நிலைமை பரவாயில்லை' என்று படிக்கக் கூடாது.

ஆய்வேடு எழுதுபவர், வெளிநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டியவர் எம்பிஐ வாங்கலாம். வார்டு நிலவரம் தெரிந்து டியூட்டியை மாற்ற நினைக்கும் மருத்துவமனைக்கு கோபன்ஹேகன் போதும். மிச்சமாகும் பணத்தில் ஓய்வறைக்கு நல்ல கட்டிலும் மெத்தையும் வாங்குங்கள். மாற்றும் எண்ணமே இல்லையென்றால் தயவுசெய்து அளக்க வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் ரெசிடென்ட் டாக்டர்களுக்குப் பரிந்துரைத்த உச்ச வரம்பு வாரத்துக்கு 74 மணி நேரம். டியூட்டி பட்டியலைக் கூட்டினால், அதைத் தாண்டுகிறதா என்பது எந்த வினாத்தாளும் இல்லாமலே தெரியும்.

கூடவே டிப்ரஷனுக்கான பிஹெச்க்யூ 9 தாளையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால், அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'சில நாட்கள்' என்றோ அதற்கு மேலோ வரும் பதிலைப் பெயரில்லாத தாளில் வாங்கி வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, அன்றைக்கே பார்க்க ஒரு மனநல மருத்துவரை, அதே துறையைச் சேராதவரை, ஏற்பாடு செய்திருக்க வேண்டும். தாளின் அடியில் 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி அழைப்பு சேவையான டெலி மானஸின் 14416 எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கிழித்து எடுத்துப்போகும்படி விடுங்கள்.