12 வோல்ட் டெஸ்ட் லாம்ப்: பல்பு வைத்ததையே வாங்குங்க

வண்டி வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் சிறு விளக்குதான் டெஸ்ட் லாம்ப்; ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் கூர்முனை. கோவை ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் எல்இடி வைத்ததும் கிடைக்கும், வேண்டாம். களிம்பேறிய இணைப்பிலும் அது எரியும், மல்டிமீட்டரும் 12 வோல்ட் காட்டும். 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுப்பதால் கோளாறு வெளிப்பட்டுவிடும்.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குதுங்களா? எர்த்தை, அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்க. கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையைப் பின்விளக்கு ஹோல்டரின் எர்த் பின்னில் வையுங்க. மங்கினாலோ எரியாவிட்டாலோ அங்கேதான் வேலை. பொள்ளாச்சி மழையில் ரப்பர் கேஸ்கெட் வழியே தண்ணீர் இறங்கி, பின்னில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரிய குறை, வயர் நீளம். பின்விளக்குவரை எட்டாது, 5 மீட்டர் வயரை, பேட்டரிப் பக்கம் 3 ஆம்பியர் ஃபியூஸோடு சேர்த்துக்குங்க. ஏர்பேக், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வயர்களில் இதை வைக்கவே கூடாதுங்க.